நனைந்த குருவிக்கு எவ்வளவு கழிவு?

குருவி எண்ணுகிற வேலையில் குருவிகளால் ஒரு தொந்தரவும் கிடையாது. அவை பாட்டுக்கு இமயமலைப் பக்கமிருந்து கிளம்பி, வரவேண்டிய மாதத்தில் வந்து, பூச்சி பிடித்துத் தின்றுவிட்டு, போகவேண்டிய மாதத்தில் போய்விடும். தொந்தரவெல்லாம் அவை வந்து இறங்குகிற ஊர்க்காரர்களால்தான். மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போனவர்கள், வாக்காளர் பட்டியல் சரிபார்க்கப் போனவர்கள், வீடு வீடாகப் பிரஷர் குக்கர் விற்கப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும். உங்களுக்காவது கதவைத் தட்டினால் ஆள் வெளியே வருவார், வேலை முடியும். எனக்கு ஆள் வெளியே வந்தால் குருவி பறந்துவிடும், ஆள் மட்டும் நிற்பார்.

பச்சைத் தேயிலை விலை அதல பாதாளத்துக்குப் போயிருந்த சமயம் அது. கோத்தகிரி மலையில் கட்டபெட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியை இழுத்து மூடிவிட்டார்கள். அங்கே எனக்கு எடைக் கொட்டகையில் வேலை. சிறு விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிற இலையை நிறுப்பேன். மழையில் நனைந்த இலையாக இருந்தால் தண்ணீருக்கென்று கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவேன். அதனால் சுற்று வட்டாரத்தில் எனக்கு 'எடைக்காரம்மா' என்று பெயர். எத்தனை பேர் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

ஃபேக்டரி மூடியதும் என் வீட்டுக்காரர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. "தீபாவளிக்கு வருவேன். அதுக்குள்ள உனக்கு இங்கயே ஒரு வேலை அமைஞ்சாச் சரி. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு என்னோட கிளம்பணும்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். திருப்பூர் வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நிஜம் என்னவென்றால், இந்த மலையை விட்டுப் போவதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து பிரபாகர் சார் வந்து சேர்ந்தார். பறவை ஆராய்ச்சிக்காரர். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வலசை வரும் குருவிகளை எண்ண இரண்டு பேர் தேவை என்றார். வாரா வாரம் அதே கிழமை, அதே பாதை, அதே காலை வேளை. ஒரு வாரம் விட்டுப்போனாலும் அந்த வருஷத்துக் கணக்கு மொத்தமும் குப்பை. தீபாவளி வரைக்கும் விடாமல் நடந்து காட்டினால் வேலையை இங்கேயே நீட்டித்துத் தருவதாகச் சொன்னார். எனக்கு அது போதும்.

டீக்கடையில் நேர்முகத் தேர்வு

பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே சார் ஆள் எடுத்தார். "பறவைகளைப் பிடிக்குமா?" என்று என்னைக் கேட்டார். தீபாவளி என் கண்முன்னால் வந்து நின்றது. "உயிருங்க சார்" என்றேன். அன்றைய தேதிக்கு எனக்குப் பெயர் தெரிந்த பறவைகள் காக்கை, கோழி, கொண்டைக்குருவி. இதில் கோழியைப் பற்றித்தான் விரிவாகப் பேச முடியும், அதுவும் குழம்பு கொதிக்கிற கட்டத்திலிருந்து.

எனக்குப் பின்னால் நின்றவர் மரியதாஸ் அண்ணன். எங்கள் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். அரைத்துப் பரப்பிய இலையை எந்த நேரத்தில் உலர்த்தப் போடவேண்டும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வாசத்திலேயே சொல்லிவிடுவார். கண்ணை மூடாவிட்டாலும் அவருக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. சார் அவருடைய சோடாபுட்டிக் கண்ணாடியைச் சந்தேகமாகப் பார்த்து, "பார்வை எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். அண்ணன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"பார்வை சுமார்தானுங்க சார். ஆனா மூக்கு நம்பர் ஒன்னுங்க."

முதல் விருந்தாளி

செப்டம்பரில் எல்லாக் குருவிக்கும் முன்னால் வருவது வாலாட்டி. சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு, சும்மா நிற்கும்போதும் ஆடிக்கொண்டே இருக்கிற வால். ஓடைக்கரைகளில் தேடவும் என்று சார் கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. நானும் அண்ணனும் ஓடை ஓடையாக இறங்கி ஊரிலுள்ள அட்டைகளுக்கெல்லாம் ரத்த தானம் செய்ததுதான் மிச்சம். கடைசியில் மகாராணி வந்து இறங்கிய இடம் கட்டபெட்டு பஸ் ஸ்டாப்பு எதிரே, டீக்கடை கிளாஸ் கழுவின தண்ணீர் ஓடுகிற சாக்கடை.

நான் அப்படியே ரோட்டில் குத்தவைத்து பைனாகுலரைத் தூக்கினேன். பின்னால் கோத்தகிரி பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்துவிடாதீர்கள் என்று கையைக் காட்டினேன். யாரோ மயங்கிக் கிடக்கிறார்கள் என்று பாதி பஸ் இறங்கி என்னைச் சுற்றி நின்றுகொண்டது. இமயமலையிலிருந்து பறந்து வந்த குருவிங்க, இந்த வருஷத்துக்கு இதுதான் முதல் என்று கண்டக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் குருவியைப் பார்த்தார். பிறகு சாக்கடையைப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, அங்கிருந்து கெளம்பி இத்தனை ஊரு தாண்டி வந்தது இந்தச் சாக்கடைக்குத்தானுங்களா?"

மானியக் குருவிகள்

எங்கள் பாதையில் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகும். அந்த நாட்களில் பேனாவும் காகிதமுமாக யார் ஊருக்குள் வந்தாலும் அது மானியத்துக்குத்தான். இலைக்கு மானியம், உரத்துக்கு மானியம், வரப்போகிற மானியத்துக்கு மனு. அதனால் நாங்கள் குருவி எண்ணுகிறோம் என்றதும் ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. குருவிக்கும் ஏதோ வரப்போகிறது.

முதல் தோட்டம் நஞ்சா கவுடருடையது. சொன்னால் ஊரில் நாலு பேர் கேட்கிற மனிதர். வாசலிலேயே மறித்து, "எங்க தோட்டத்துல முப்பது போட்டுக்கோங்க" என்றார். தலையில் முண்டாசும் முகத்தில் சிரிப்புமாக, மகளுக்குச் சீர் எழுதுகிற தோரணை. நான் தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, "மூணுதான் இருக்குதுங்க கவுடரே" என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. எதிர்பார்த்த மாதிரி தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் ரகசியம் பேசுகிற குரலில் விளக்கம் சொன்னார்.

"மழையில நனைஞ்ச குருவிதானேம்மா. தண்ணிக்குன்னு நீங்க எப்படியும் கழிப்பீங்க. அதுக்குத்தான் சேர்த்துச் சொன்னேன்."

குருவிக்கு எந்த வீடு?

விஷயம் ஊருக்குள் பரவிய பிறகு ஒவ்வொரு தோட்டத்திலும் எனக்குக் காபி கிடைத்தது. எடைக் கொட்டகையில் இருந்த காலத்தில் எனக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்காதவர்கள் எல்லாம் முறுக்குத் தட்டை நீட்டினார்கள். ஒருவர் தோட்டத்துப் பொம்மையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குருவி பயப்படுமுங்க என்றார். இன்னொரு வீட்டில் கோழியையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். வடக்கேயிருந்து வந்ததுதான் கணக்கு என்றேன். இதுவும் வடக்கேயிருந்துதான், ஊட்டிச் சந்தையில் வாங்கினது என்றார்கள்.

ஆனால் லட்சுமியக்காவும் பார்வதியக்காவும் போட்ட சண்டைக்கு ஈடு கிடையாது. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். ஐந்தாறு வாலாட்டிகள் பகல் முழுக்க லட்சுமியக்காவின் வாய்க்காலில் மேயும். பொழுது சாய்ந்தால் பார்வதியக்காவின் சில்வர் ஓக் மரத்தில் போய் அடையும். யார் பெயரில் எழுதுவது? என் தாளில் யார் பெயருக்கும் இடமில்லை என்று நான் தொண்டை வற்றக் கத்தியதை இருவரும் காதில் வாங்கவில்லை. பார்வதியக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழக்கை முடித்துவைத்தார்.

"சாப்பாடு எங்க வேணா சாப்பிடட்டும். படுக்கிறது எங்க ஊட்டுல. அப்ப ரேஷன் கார்டு எங்க ஊட்டுலதானே இருக்கும்?"

முன்வரிசைக்கு வந்தவர்

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரியதாஸ் அண்ணனின் சர்ச்சில் பூசை நடந்துகொண்டிருந்தபோது ஆறுமணிக்குருவி ஒன்று உள்ளே வந்து விழுந்தது. பச்சை முதுகும் சிவப்பு அடிவயிறுமாக, பார்க்கத் துணிக்கடைப் பொம்மை மாதிரி இருக்கும். இரவெல்லாம் பறந்து வருகிற பறவை. களைத்துப் போனால் எந்த ஊர், யார் வீடு என்றெல்லாம் பார்க்காது, இறங்கிவிடும். அன்றைக்குத் தேயிலை விலை ஏறவேண்டும் என்று விசேஷ ஜெபம். ஜெபத்தின் நடுவில் இது எழுந்து, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைகளுக்கு நடுவே நிதானமாக நடந்து, பீடத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. பச்சை நிறத்தில் வந்ததால் இலை விலைக்கான பதில்தான் என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

அண்ணன் ஆள் அனுப்ப, நான் ஓடினேன். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் அதை வைத்து, இருட்டான மூலையில் ஓய்வெடுக்க விட்டு, அந்தி சாய்ந்ததும் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த புதரில் விட்டோம். அது தத்தித் தத்திப் போய் மறைந்தபோது அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஃபாதர் மட்டும் வாசல் படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல நான் கூப்பிடாம தானா முன்வரிசைக்கு வந்த முதல் ஆள் இதுதான், மரியதாஸ்."

எல்லாம் தூள்தான்

இலைக்குருவி என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கட்டைவிரல் அளவு, பச்சையும் இல்லை மஞ்சளும் இல்லை, ஒரு இடத்தில் நிற்காது. அதிலே ஏழெட்டு வகை. ஒன்றுக்கு இறக்கையில் ஒரு கோடு, ஒன்றுக்கு இரண்டு கோடு, ஒன்றுக்குக் கோடு இருந்து அழிந்துபோயிருக்கும். இதைப் பிரித்து எண்ணுவதற்குள் எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. சுளுக்கு எடுக்க வந்த வைத்தியரிடம் காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் வேலையைப் பரிசோதிக்க சார் ஒருநாள் நேரில் வந்தார். யாரிடமோ இரவல் வாங்கிய பச்சை ஜீப், காக்கி பேண்ட், தலையில் தொப்பி. இந்த அலங்காரம் எங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நஞ்சா கவுடர் தோட்டத்து ஓரத்தில் நின்று ஒரு இலைக்குருவியைக் காட்டி, அது எந்த வகை என்று வெகுநேரம் பாடம் நடத்தினார். அதற்குள் குருவி நாலு மரம் மாறிவிட்டது. மரியதாஸ் அண்ணன் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, தன் தொழில் பாஷையில் சுருக்கினார்.

"புரிஞ்சிருச்சுங்க சார். நம்ம டஸ்ட் கிரேடு மாதிரி. எல்லாம் தூள்தான், மூட்டை மேல பேர்தான் வேற வேற."

பறக்கும் எலி

பச்சை ஜீப்பும் காக்கி பேண்ட்டும் தோட்டத்துக்குள் நின்றதை ஊரே பார்த்திருந்தது. அன்று சாயங்காலமே செய்தி கிளம்பிவிட்டது. வந்தவர் ஃபாரஸ்ட்காரர். குருவி அதிகமாக இருக்கிற தோட்டத்தை எல்லாம் காடு என்று எழுதி எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். இலை விலை போனது போதாதென்று நிலமும் போகப்போகிறது. பாவம், அவர்கள் பயந்ததில் தப்பில்லை. ஆனால் மானியம் வரும் என்று வளர்ந்த குருவிகள் எல்லாம் ஒரே ராத்திரியில் ஊரை விட்டே காணாமல் போய்விட்டன.

அடுத்த எண்ணிக்கைக்கு முந்தின நாள் நஞ்சா கவுடரைப் பார்த்துப் பேசப் போனேன். படலைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றார். அது ஃபாரஸ்ட் இல்லை, வெறும் ஆராய்ச்சி என்று சத்தியம் செய்தேன். தண்ணீருக்குக் கழித்தபோதும் இப்படித்தான் சத்தியம் செய்தீர்கள் என்றார். "எங்க ஊர்ல குருவியே கிடையாதும்மா" என்று அடித்துச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு வாலாட்டி அவர் காலடியில் ஓடிவந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. "அப்ப இது என்னங்க?" என்றேன். குனிந்து பார்த்து, "எலி" என்றார். அது விர்ரென்று எழும்பிப் பறந்தது. கவுடர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"மலை எலிம்மா. சில சமயம் பறக்கும்."

கூடையில் என்ன கனம்?

அன்று மாலை டீக்கடை போனுக்கு என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அங்கே ரூம் பார்த்தாகிவிட்டதாம். மாடி வீடு, குழாய் தண்ணீர், பக்கத்திலேயே பஸ். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். விடிந்தால் எண்ணிக்கை நாள். பாதையில் கால் வைக்க முடியாவிட்டால் வாரம் போச்சு, வருஷம் போச்சு, வேலையும் போச்சு. ரூமுக்கு ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். விற்கிற விலைக்கு ஆள் வைத்துப் பறிக்கக் கட்டாது என்று எல்லாத் தோட்டத்திலும் இலை முற்றிக் கிடந்தது. அங்கே நின்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. விடிந்ததும் நானும் மரியதாஸ் அண்ணனும் தலையில் துண்டும் முதுகில் கூடையுமாகக் கவுடர் படல் முன்னால் போய் நின்றோம். "கூலி வேண்டாமுங்க. சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு இலை பறிச்சுத் தர்றோம்" என்றேன். கவுடர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கூலி இல்லாமல் வருகிற ஆளை எந்தத் தோட்டக்காரரும் திருப்பி அனுப்பியதில்லை. படல் திறந்தது.

இலையை ஒரு கண்ணும் குருவியை ஒரு கண்ணுமாகப் பாதை முழுக்கப் பறித்துக்கொண்டே போனோம். பக்கத்துத் தோட்டக்காரர்களும் பார்த்துவிட்டு, எங்களுதையும் பறிச்சுக் குடுங்க என்று தாங்களாகவே கூப்பிட்டார்கள். பைனாகுலர் கூடைக்குள் இலைக்கு அடியில் இருந்தது. பகல் ஏறியபோது என் கை விரலெல்லாம் கறுத்துப்போனது. ஆனால் பாதையில் ஒரு அடிகூட விட்டுப்போகவில்லை. திரும்பி வந்து கவுடரின் கைத்தராசில் கூடையை மாட்டினேன். அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இலைக்குள் கையை விட்டுத் துழாவினார். கை நின்றது. கவுடர் கையை வெளியே எடுத்து, இலையை மறுபடி அதன்மேல் மூடினார். அவருடைய மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

"உள்ள ஒரு சாமான் கனமா இருக்குது. அதுக்கு எவ்வளவு கழிக்கட்டும், நீங்களே சொல்லுங்க எடைக்காரம்மா?"

தீபாவளி பஸ்

அதன்பிறகு தீபாவளி வரைக்கும் எண்ணிக்கை நாளில் கூடையோடுதான் போனோம். கவுடரும் கூடைக்குள் கையை விடாமலே எடை போட்டார். கணக்கை வாங்க வந்த சாரிடம் மட்டும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அந்த ஜீப்பால் வந்த வினை என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இனி பஸ்ஸில் வருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு வாரமும் விட்டுப்போகாததால் எங்கள் இருவருக்கும் வேலை உறுதி என்றார். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்புறம்தான் ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொன்னார். குருவி இருக்கிற மாதங்களுக்குத்தான் வேலை. ஏப்ரலில் அவை கிளம்பிப் போய்விட்டால் மறுபடி செப்டம்பர் வரை எண்ண ஒன்றும் இல்லை, அதனால் சம்பளமும் இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். இளைத்துக் கறுத்து, தலையில் பஞ்சுத் தூசியோடு, கையில் எனக்கு ஒரு பட்டாசுப் பெட்டி. பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குருவி இருக்கும்வரை நான் இங்கே, மீதி மாதம் அவரோடு அங்கே. மனசுக்குள் பாதி ஜெயித்த மாதிரியும் பாதி தோற்ற மாதிரியும் இருந்தது. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எங்கள் தெருவில் நடந்து, பூட்டிய வீடுகள் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று சிரித்தபடிதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

"இமயமலையிலிருந்து குருவி வந்தா எண்ணுறதுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறாங்க. நாங்க இத்தனை பேரு இங்கிருந்து மூட்டை கட்டிட்டுப் போனோமே மல்லிகா, ஒருத்தனும் எண்ணலையே."

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஏப்ரலில் குருவிகள் இமயமலைக்கும் நான் திருப்பூருக்குமாகக் கிளம்பிவிடுகிறோம்; அவற்றுக்கு பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற தொல்லை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.